சீட்டு மனைவி பெயரில் மட்டும்: முட்டை வளர்ச்சி மாத்திரைகள் பற்றி ஒரு மருந்தாளுநரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களின் கட்டணம் பற்றி நம் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் இலட்சக்கணக்கில் செலவழித்தவர்களின் துயரம் அதில் சரியாகவே பதிவாகியிருந்தது. ஆனால் அந்த மையங்களின் படியேறுவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் முன்பே, உள்ளூர் மருத்துவர் எழுதித் தரும் ஒரு மாத்திரைச் சீட்டோடு சிகிச்சையைத் தொடங்கிவிடும் பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் பெண்களில் பெரும்பாலோர் முதலில் தொடுவது ஊசியையோ ஆய்வகத்தையோ அன்று. ஐந்து மாத்திரை கொண்ட ஓர் அட்டையைத்தான். அந்த அட்டையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருச்சி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துக் கடை நடத்திவரும் மருந்தாளுநர். கடையில் இருப்பவள் பெண் என்பதால், மற்ற கடைகளில் கேட்கத் தயங்கும் பொருள்களுக்காகச் சுற்று வட்டாரப் பெண்கள் என்னிடம் வருவதுண்டு. அவர்களுள் மாதந்தோறும் நான்கைந்து பேராவது "முட்டை வளர்ற மாத்திரை" கேட்டு வருகிறார்கள். சிலரிடம் அன்றைய தேதியிட்ட சீட்டு இருக்கும். சிலரிடம், நான்காக மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகி வைத்து, மடிப்பில் மை அழிந்துபோன பழைய சீட்டு இருக்கும். சென்ற ஆடி மாதம் ஒரு பெண் அப்படி நீட்டிய சீட்டில் தேதியைத் தேடிப் பார்த்தபோது, அது பதினான்கு மாதங்களுக்கு முன் எழுதப்பட்டது என்று தெரிந்தது. "டாக்டர் ஒவ்வொரு மாசமும் இதையே போடச் சொல்லியிருக்காங்களா அம்மா?" என்று கேட்டேன். "அப்ப ஆறு மாசம்தான் போனேன்க்கா, அப்புறம் கட்டணம் கட்ட முடியல, அதான் நானே வாங்கிப் போட்டுக்கிறேன்" என்றாள். கணவருக்கு என்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டதற்கு, "அவருக்கு எதுக்குக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேள்வியில் கோபமோ கிண்டலோ இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

இந்த மாத்திரைகள் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்மோன் மாத்திரை தின்றால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று பயமுறுத்திவிட்டு, அடுத்த நிமிடமே தங்கள் சொந்தத் தயாரிப்புச் சூரணத்தின் விலையைச் சொல்லும் காணொளிக்காரர்களோடு என்னையும் யாரும் சேர்த்துவிட வேண்டாம். சரியான பெண்ணுக்கு, சரியான நாளில், சரியான அளவில் கொடுத்தால் இவை மலிவான, நம்பகமான மருந்துகள். குறிப்பாக, மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளி வரும் பெண்களுக்கு, அதாவது நம் ஊரில் "நீர்க்கட்டி" என்று எல்லோரும் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு, முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியவையே இவைதான். அவர்களுடைய சினைப்பையில் முட்டைகளுக்குக் குறைவில்லை. மாதத்துக்கு ஒன்று முதிர்ந்து வெளிவருவதுதான் நடப்பதில்லை. ஸ்கேனில் கட்டி போலத் தெரிபவை பெரும்பாலும் பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகளே. அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் என்று எண்ணி எத்தனையோ பெண்கள் வீணாக அஞ்சுகிறார்கள்.

மாத்திரை வேலை செய்யும் விதத்தை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது போலவே இங்கும் சொல்கிறேன். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஓடுகிறது என்று மூளை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, முட்டையை வளர்க்கும்படி சினைப்பையைத் தூண்டும். குளோமிஃபீன் என்ற பழைய மாத்திரை, மூளையில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடங்களில் தான் உட்கார்ந்துகொண்டு, ஈஸ்ட்ரோஜன் இருந்தும் இல்லாதது போலக் காட்டிவிடுகிறது. லெட்ரோசோல் என்ற புதிய மாத்திரை அப்படி மறைப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாள்களுக்குக் குறைத்துவிடுகிறது. மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஆரம்பித்து ஐந்து நாள்கள் போடுவது இரண்டுக்கும் பொதுவான வழக்கம். முன்னது பெரும்பாலும் 50 மில்லிகிராமில் தொடங்கும், பின்னது 2.5 மில்லிகிராமில். ஆக, மருந்து செய்வதெல்லாம் முட்டையை வளர்த்து வெளிவரச் செய்வது மட்டுமே. அந்த முட்டை கருக்குழாயில் வழி திறந்திருந்து உள்ளே போனதா, அங்கே அதைச் சந்திக்க ஆணின் உயிரணு (விந்தணு) வந்ததா என்பவற்றில் இந்த மருந்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அப்படியிருந்தும் நம் ஊரில் பின்னிரண்டு கேள்விகளையும் கேட்காமலே முதல் கேள்விக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"எழுதிக்கொண்டிருக்கிறோம்" என்று என்னையும் சேர்த்தே சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் திருமணமானது 2003-ல். இரண்டு ஆண்டுகளில், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து பந்தியின் கடைசி வரிசையில் உட்காரப் பழகிவிட்டேன். மாமியார் அழைத்துச் சென்ற மருத்துவர், என் மாதவிடாய் மாதந்தோறும் இருபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது என்று நான் சொன்ன பிறகும், குளோமிஃபீன் எழுதினார். அந்தச் சீட்டுக்கு மாத்திரையை என் கடை அலமாரியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். பதினொரு மாதங்கள் தொடர்ந்து போட்டேன். இரவில் கடை மூடுமுன் கணக்கு எழுதும்போது எண்களின் ஓரத்தில் வெளிச்சக் கீற்றுகள் ஆடும். தலையைத் திருப்பினால் குழல்விளக்கின் நிழலும் கூடவே வரும். கண்ணாடியின் பவர் மாறிவிட்டது போலும் என்று எண்ணினேன். பார்வை மங்குவதும் ஒளிக்கீற்று தெரிவதும் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்பதும், அப்படித் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டுக் கண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும், நான் தினமும் பிரித்து விற்ற பெட்டிக்குள்ளேயே பொடி எழுத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பி.பார்ம் படித்தவள் நான். என் பெயர் எழுதிய சீட்டு என்றவுடன் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

பதினொரு மாதங்களுக்குப் பிறகு வேறோர் ஊரில் பார்த்த மருத்துவர், நான் கொண்டுபோன சீட்டுக் கட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் கணவரின் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருக்கவே இல்லை. ஒரு வாரத்தில் சோதனை செய்தோம். உயிரணுக்களின் எண்ணிக்கை தேவையானதைவிட வெகு குறைவாக இருந்தது. பிறகு தகுந்த சிகிச்சை கிடைத்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் பிறப்புக்கும் அந்தப் பதினொரு மாத மாத்திரைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முதல் மருத்துவர் மீது எனக்கு இன்று கோபமில்லை. புறநோயாளிகள் நூறு பேர் காத்திருக்கும் அறையில், மாமியாரும் மருமகளும் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, வராத கணவரைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றியிராது. அல்லது, கேட்டால் அடுத்த முறை இவர்கள் வேறு மருத்துவரிடம் போய்விடுவார்கள் என்று தோன்றியிருக்கும்.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் குறைபாட்டோடு சேர்ந்தோ, கணவர் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆண்களுக்கான விந்துப் பரிசோதனை, பெண்ணுக்குச் செய்யும் எந்தச் சோதனையைவிடவும் எளிது. ஊசி இல்லை, வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. இரண்டு முதல் ஏழு நாள்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரியைக் கொடுத்தால், பெரும்பாலும் அன்று மாலையே முடிவு வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் உயிரணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாகக் குறிப்பிடுகிறது. ஓர் உயிரணு உருவாகி முதிர இரண்டரை மாதங்கள் போல ஆவதால், முதல் முடிவு சரியில்லையென்றால் சில வாரங்கள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். காய்ச்சலில் கிடந்த மாதத்தில் வந்த ஒற்றை முடிவை வைத்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மனைவிக்கோ மாதம் இரண்டு மூன்று முறை ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, சில சமயம் வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் போகிறது. இவ்வளவையும் அவள் பட்டு முடித்த பிறகே, "வேணும்னா அவரையும் ஒரு தடவை பார்க்கலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. ஆய்வகத்துக்குப் போகச் சம்மதித்த கணவர்கள்கூட, பக்கத்து ஊரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறிப் போவதை நான் அறிவேன். போகட்டும், எங்கே போய்ச் செய்தாலும் சரி. மனைவி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் செய்துவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

எனக்கு நடந்ததில் இன்னொரு பிழையும் இருக்கிறது. மாதவிடாய் மாதந்தோறும் ஒழுங்காக வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் முட்டை தானாகவே வெளிவந்துகொண்டிருக்கும். அவளுக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதால் பெரிய பயனில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஸ்காட்லாந்தில், காரணம் புலப்படாத குழந்தையின்மை போன்ற நிலையிலிருந்த 580 பெண்களைப் பிரிவுகளாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2008-ல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 17 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. மருந்து சாப்பிட்டவர்கள் காத்திருந்தவர்களைவிட எந்த வகையிலும் முன்னேறவில்லை. பிரிட்டனின் வழிகாட்டு நெறி 2013-ல், காரணம் புலப்படாத குழந்தையின்மைக்கு இவ்வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நம் ஊரிலோ, "எதுக்கும் ஒரு மூணு மாசம் போட்டுப் பார்ப்போம்" என்பதே இன்றும் நெறியாக இருக்கிறது. அந்த மூன்று மாதம் எப்படி முப்பது மாதமாகிறது என்பதை என் கடைப் பதிவேடு சொல்லும்.

இப்போது லெட்ரோசோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கடைக்குத் திரும்பி வரும் மாத்திரைகளில் இதுவே முதலிடம். மாத்திரையை வாங்கிப் போன பெண், இரண்டு மணி நேரம் கழித்துக் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, சில சமயம் அழுதபடி, சில சமயம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருவாள். "இது மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரைன்னு போட்டிருக்கே, மாத்திக் கொடுத்துட்டீங்களா?" என்பதுதான் கேள்வி. மாற்றிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1997-ல் மார்பகப் புற்றுநோய்க்காகவே அனுமதி பெற்ற மருந்து இது. அதே மருந்து முட்டை வளர்ச்சிக்கும் உதவும் என்பதை 2001-ல் கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த மித்வாலி, கேஸ்பர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். 2005-ல் மொன்ட்ரியலில் நடந்த ஒரு மாநாட்டில், இம்மருந்துக்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு குழு சொன்னதும் உலகமே அதிர்ந்தது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது, சிக்கலேதுமின்றிப் பிரசவித்த பெண்களின் குழந்தைகளோடு. குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரின் குழந்தைகளோடு அன்று. மறு ஆண்டே 911 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், குளோமிஃபீனோடு ஒப்பிட்டால் லெட்ரோசோலில் குறைபாடு கூடுதலில்லை என்று காட்டினார்கள்.

இந்தியாவில் நடந்தது தனிக் கதை. இங்கே இம்மருந்தைக் குழந்தையின்மைக்கு விற்க முறையான ஆய்வு போதாத நிலையிலேயே அனுமதி கொடுத்துவிட்டு, எதிர்ப்பு வலுத்தபின் 2011 அக்டோபரில் அந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் தடை விதித்தார்கள். அனுமதி கொடுத்த விதத்தை 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை கடுமையாகச் சாடியது. புற்றுநோய்க்கான விற்பனை தொடர்ந்ததால் மருந்து அலமாரியை விட்டுப் போகவில்லை. சீட்டுகள் மட்டும் மறுபடி குளோமிஃபீனுக்குத் திரும்பின. இதற்கிடையே 2014-ல் அமெரிக்காவில், பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. 2017-ல் இங்கேயும் தடை நீக்கப்பட்டது. 2018-லும் 2023-லும் வெளிவந்த பன்னாட்டு பி.சி.ஓ.எஸ். வழிகாட்டு நெறிகள் லெட்ரோசோலையே முதல் மருந்தாகச் சொல்கின்றன. உடம்பிலிருந்து சில நாள்களிலேயே இது வெளியேறிவிடுகிறது. குளோமிஃபீனின் ஒரு பகுதியோ வாரக்கணக்கில் தங்கி, கருப்பையின் உள்பூச்சையும் மெலியச் செய்யக்கூடும்.

கொடுத்தது, தடுத்தது, மறுபடி கொடுத்தது என்ற இத்தனையும் நடந்ததை மருந்து சாப்பிடும் பெண்ணிடம் தமிழில் ஒருவரும் சொல்லவில்லை. மருத்துவர் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கி, "பெட்டியில் புற்றுநோய் என்று போட்டிருக்கும், பயப்படாதே, இதற்கும் இதுதான் மருந்து" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் இரண்டாம் நாள் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டாள். பாதியில் நிறுத்திய மீதி மாத்திரைகள் வீட்டில் சும்மாவும் கிடப்பதில்லை. ஓரகத்திக்கு நாள் தள்ளிப் போகிறது என்று அந்த மூன்று மாத்திரையை அவளுக்குக் கொடுத்த வீட்டையும் எனக்குத் தெரியும். நாள் தள்ளிப் போவதற்குக் கர்ப்பமும் ஒரு காரணம். கர்ப்பிணி இந்த மாத்திரைகளை எடுக்கவே கூடாது. மாதவிடாய் ஒழுங்கற்ற பெண்களுக்கு ஒவ்வொரு மாதச் சுற்றுக்கு முன்பும் கர்ப்பமா என்று அறியும் ஒரு கார்டு டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டை விடக் குறைவு.

எத்தனை மாதம் என்பது அடுத்த கேள்வி. மாத்திரையால் கர்ப்பம் தரிப்பவர்களில் பெரும்பாலோர், முட்டை வெளிவந்த முதல் மூன்று, நான்கு சுற்றுகளுக்குள்ளேயே தரித்துவிடுகிறார்கள். குளோமிஃபீனை ஆறு மாதங்களுக்கு மேல் தொடர வேண்டாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பன்னிரண்டு சுற்றுகளும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் சினைப்பையில் புற்றுக்கட்டிகள் வரும் வாய்ப்பு கூடலாம் என்று 1994-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அச்சத்தைக் கிளப்பியது; பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் நடுங்க வேண்டியதில்லை. வரம்பு நிற்பதற்கான வலுவான காரணம் வேறு: முப்பத்து மூன்று வயதில் தொடங்கியவள், பலிக்காத மாத்திரையிலேயே முப்பத்தாறு வயதை எட்டிவிட்டால், அடுத்த சிகிச்சை பலிக்கும் வாய்ப்பும் அதற்குள் குறைந்துபோகும். அவளுடைய பணத்தைவிட விலையுயர்ந்தது அந்த மூன்று ஆண்டுகள்தான்.

ஸ்கேன் விஷயத்தில் நான் மருத்துவர்களின் பக்கம் பேசுவேன். மாத்திரை போட்ட மாதத்தில் முட்டை எந்த அளவு வளர்ந்திருக்கிறது, ஒன்றா மூன்றா என்று பார்ப்பதற்கான பாலிக்குலர் ஸ்கேனைப் பணம் பிடுங்கும் வேலை என்று எண்ணிப் பலர் தவிர்க்கிறார்கள். எல்லா மாதமும் வேண்டியதில்லையென்றாலும், முதல் சுற்றிலாவது பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, அளவைக் கூட்ட வேண்டுமா என்பது தெரியும். முட்டைகள் பல சேர்ந்து வளர்ந்தால் இரட்டைக் கர்ப்பம் தங்க வாய்ப்புண்டு. குளோமிஃபீனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு கர்ப்பங்கள் அப்படித்தான். இரட்டைப் பிள்ளை என்றால் நம் வீடுகளில் மகிழ்ச்சியே மிகும். குறைமாதத்தில் பிறந்த பச்சிளங்குழந்தைகளுக்கான பிரிவின் வாசலிலேயே காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். மாத்திரையோடு ஊசியும் சேரும்போது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிறு உப்பி, எடை திடீரென ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்துபோகும் நிலை ஏற்படலாம். மாத்திரையில் மட்டும் அது அரிது. ஊசியில் அவ்வளவு அரிதன்று. "முட்டை வெடிக்க ஊசி" என்று நம் பெண்கள் அழைக்கும் எச்.சி.ஜி. ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் இந்த நான்கு அறிகுறிகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், உயிரணுவையோ முட்டையையோ உடம்புக்கு வெளியே கையாளும் மையங்களைப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்துகிறது. மாத்திரை மட்டும் எழுதும் இடங்கள் இயல்பாகவே அதற்கு வெளியே நிற்கின்றன. அதைக் குறையென்று சொல்லமாட்டேன், எல்லா மகப்பேறு மருத்துவரையும் அச்சட்டத்துக்குள் இழுப்பது நடக்கிற காரியமன்று. ஆனால் என் தொழிலுக்கென்று ஏற்கெனவே இருக்கும் விதிகளே போதுமானவை. இரண்டு மருந்துகளும் 'அட்டவணை எச்' மருந்துகள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவரே குறிப்பிட்டிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் சீட்டின் மீதே குறிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நம் மாநிலத்தில் எத்தனை கடைகள் பின்பற்றுகின்றன என்று வாசகர்கள் தங்கள் வீட்டிலுள்ள பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பின்பற்றியிருந்தால் பதினான்கு மாதச் சீட்டு என்ற ஒன்றே இருந்திருக்காது. சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் காசநோய் மருந்துகளுக்கும் 2014 முதல் தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டுகள் காக்கிறோமே, அந்த 'எச்1' பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்தால் என்ன என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிந்திக்கலாம்.

மருத்துவர்களிடம் கேட்பது ஒன்றே. முதல் சீட்டில், மருந்தின் பெயருக்கு மேலே, "கணவர் பரிசோதனை: முடிந்தது" அல்லது "முடியவில்லை" என்று ஒரு வரியும், மருந்துக்குக் கீழே, இது எத்தனையாவது சுற்று என்ற எண்ணும் எழுதுங்கள். ஆறு என்ற எண்ணை எழுதும்போது கை தானாக நின்று யோசிக்கும். கருக்குழாய்ச் சோதனையை எப்போது செய்வது, தைராய்டு பார்ப்பதா, ஃபோலிக் அமில மாத்திரை சேர்ப்பதா என்பதெல்லாம் உங்கள் அறிவுக்கு உட்பட்டவை. அவற்றில் நான் தலையிடவில்லை.

நான் ஓராண்டாக என் கடையில் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். இம்மாத்திரைச் சீட்டு வந்தால் தேதியிட்டு முத்திரை குத்துகிறேன். பழைய சீட்டானால் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்காமல் கொடுப்பதில்லை. இதனால் ஓரிரு வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்; அங்கே கேள்வி இல்லை. முன்பு சொன்ன அந்தப் பெண்ணிடம் மாத்திரை கொடுக்காமல், அரசு மருத்துவமனையில் இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் கணவர் தனியாக வந்தார். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமாக்கா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நம் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் ஆண்மைநல மருத்துவர் ஒருவரையும் கொண்டு, இந்த மாத்திரைகள் யாருக்கு, எத்தனை மாதம், எந்தச் சோதனைகளுக்குப் பிறகு என்பதை அரைப் பக்க அளவில் பெரிய எழுத்தில் வெளியிட்டு உதவுங்கள். கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன். ஆண்கள் நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி மாவட்டம்.